யாழினிக்குக் காது குத்தியாயிற்று

1

நான் போகாத ஒரு காதுகுத்துக்காக இன்று காலை ஏழெட்டுப் பேர் எனக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். எல்லோருக்கும் சிரித்த முகமாக நன்றி சொன்னேன். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அழவில்லை. கோபம் வந்தால் அழுகிற ரகமில்லை நான், பல்லைக் கடிக்கிற ரகம்.

இந்த வாழ்த்துச் சமாச்சாரத்தை ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் விளக்கிவிட வேண்டும். நான் படிக்க வந்திருக்கும் நெதர்லாந்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு விடமாட்டார்கள். அவருடைய அம்மாவிடம் போய் “உங்கள் மகனுக்காக வாழ்த்துகள்” என்பார்கள். அண்ணனிடம் போய் “உங்கள் தம்பிக்காக வாழ்த்துகள்” என்பார்கள். மாமியார், மைத்துனன், சித்தப்பா மகள் என்று ஒருவரையும் விடுவதில்லை. வந்த புதிதில் என்னோடு படிக்கும் ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். வட்டமாக நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்கள் வட்டத்தைச் சுற்றிவந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பதைப் பார்த்து நானும் ஒரு சுற்று வந்தேன். கடைசியாகக் கதவோரம் நின்றவர் கையையும் பிடித்துக் குலுக்கினேன். அவர் ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரராம்.

அன்றைக்கு வெட்கமாகப் போனாலும் அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஒருவருக்கு நல்லது நடந்தால் அவரைச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு என்று இவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

எங்கள் ஆய்வகத்துச் சுவரில் எழுதி அழிக்கிற நாட்காட்டிப் பலகையில் இன்றைய தேதிக்கு நேராக இரண்டு சின்னக் காதுகள் வரைந்திருந்தன. வரைந்தது பிராம், என் பக்கத்து மேசைக்காரன். என் அக்கா மகள் யாழினிக்கு இன்றைக்குக் காது குத்துவதாக இருந்தது. அவள் என் மடியில் உட்கார்ந்து குத்திக்கொள்வதாக இருந்தது. பயணம் ரத்தாகிவிட்டது என்று பேராசிரியரிடமும் பிராமிடமும் மட்டும், காரணம் சொல்லாமல், சொல்லியிருந்தேன். நாட்காட்டியில் இருந்த காதுகளை யாரும் அழிக்கவில்லை. இந்த நாட்டில் நாட்காட்டியில் ஏறிவிட்டால் அது நடந்த மாதிரிதான். அதனால் வந்தவர்கள் எல்லாம் “உன் அக்கா மகளுக்காக வாழ்த்துகள்” என்றார்கள்.

காது குத்தியாயிற்று, அது உண்மைதான். ஆனால் இன்றைக்கு இல்லை. போன ஆனியிலேயே, எனக்குச் சொல்லாமல், வேறொருவன் மடியில்.

2

நான் கொல்லிமலையில் செம்மேட்டில் வளர்ந்தவன். அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். நாங்கள் அடிவாரத்துக்காரர்கள்தான், வேலைக்காக மலையேறியவர் குளிர் பிடித்துப்போய் ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். அக்கா செல்வியை அடிவாரத்திலேயே, சொந்தக் காடு வைத்து மரவள்ளி போடுகிற குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம்.

மலையில் வளர்ந்தவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஏறினால் மூச்சு முட்டும், இறங்கினால் உயிர் போகும், எங்கே கற்றுக்கொள்வது? மேடு என்ற ஒன்றே இல்லாத நாட்டுக்கு வந்தேன். இங்கே கால்வாய்ப் பாலம்தான் மலை. மழை, காற்று, பனி எதுவானாலும் பேராசிரியர் முதல் தபால்காரர் வரை சைக்கிளில்தான் போவார்கள். மீசை முளைத்த பிறகு, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் விழுந்து எழுந்து பழகினேன். பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டின. கேலிக்கா பாராட்டுக்கா என்று இன்றுவரை தெரியாது.

பெயரும் போனது. ஊரில் நான் ரா. தினேஷ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள் என்று அப்பா பெயரைப் போட்டதில் இங்கே நான் திருவாளர் ராமசாமி ஆகிவிட்டேன். நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யப் போனபோது “ராமசாமி, ராமசாமி” என்று கூப்பிட்டார்கள். அப்பா எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். என் முறை போய்விட்டது. இனி வேறொரு நாள் நேரம் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே எதற்கும் நேரம் வாங்க வேண்டும். கைரேகை வைக்க, வங்கிக்கணக்கு திறக்க, சக மாணவனோடு தேநீர் குடிக்கக்கூட.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் துருவலைத் தூவிச் சாப்பிடுகிறார்கள். முதல் சில மாதம் அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் எதுவோ ஒப்பாரி வைத்தது. இப்போது நானும் தூவுகிறேன்.

இதையெல்லாம் தாண்டி வர எனக்குத் துணையாக இருந்தது பிரபுவின் குரல். பிரபு என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. வயதில் கொஞ்சம்தான் மூத்தவன் என்பதால் வாடா போடாதான். எங்கள் மலையில் சோளக்காடு என்ற ஊர்ச் சந்தையில் மிளகும் பலாவும் அன்னாசியும் வாங்கி லாரியில் ஏற்றி அனுப்புகிற வியாபாரம். தினமும் காலையில் வாட்ஸப்பில் பேசி அனுப்புவான். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும், யாரோ எடை போடுகிறவரைத் திட்டுவார்கள், பஸ் புறப்படும். நான் எழுந்ததும் பல் விளக்கிக்கொண்டே அதைக் கேட்பேன். சாப்பிட்டியாடா, குளிருதாடா, அங்க மிளகு என்ன வெலடா என்பதைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. அதுவே போதுமாக இருந்தது.

3

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் ஆசாரியும் தங்கக் கம்பியும் அப்புறம்தான். முதலில் மடி வேண்டும், தாய்மாமன் மடி. அந்த மடியில் வைத்துத்தான் மொட்டையடிப்பார்கள், அந்த மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். பிள்ளை துள்ளாமல் கையைப் பிடித்துக்கொள்வதும், அழும்போது வாயில் பழத்தை ஊட்டுவதும் மாமன் வேலை. அன்றோடு முடிகிற வேலையும் இல்லை. அவள் பெரியவளாகும்போது சீர் கொண்டுபோவதும், கல்யாணத்தில் முன்னால் நிற்பதும் அதே மாமன்தான்.

நான் கிளம்பிய தை மாதம் யாழினிக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அக்கா இடுப்பில் இருந்தபடி என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அப்போது அம்மா சொன்னது இது:

“பாப்பாவுக்கு இப்ப அவசரப்பட்டு குத்த வேண்டாம். மூணாவது வருசமும் ஒத்தப்படைதான. நீ வந்து உக்காந்தாத்தான் குத்துவோம். போறேன்னு சொல்லாத கண்ணு, வாரேன்னு சொல்லு.”

“வாரேம்மா” என்று சொல்லித்தான் பஸ் ஏறினேன்.

அந்த மூன்றாவது வருடம் வந்தது. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி முடிவானது. நான் லீவு கேட்க வேண்டியிருந்தது. என் பேராசிரியர் பெயர் மரைக்கே. ஐம்பது வயதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம், மேடம் என்றால் முகம் சுளிப்பார். நான் முதல் அரை வருடம் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவே இல்லை. அவர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் எதிரில் போய் நிற்பேன்.

அப்படி நின்றுதான் அன்றைக்கும் கேட்டேன். என் ஆராய்ச்சி தக்காளி நாற்றுகளின் வேர் பற்றியது. கண்ணாடிக் கூடாரத்துக்குள் தினமும் அளக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் அத்தனையும் வீண். அந்த நேரத்தில் ஊருக்குப் போகிறேன் என்றால் எந்தப் பேராசிரியருக்குக் கோபம் வராது?

“கல்யாணமா?” என்றார்.

“இல்லை. காது.”

“உன் காதா?”

அக்கா மகள், அவள் காது, என் மடி என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவருடைய மகள் பன்னிரண்டு வயதில் சிநேகிதியோடு நகைக்கடைக்குப் போய்க் குத்திக்கொண்டு வந்தாளாம், சாயங்காலம் சாப்பாட்டு மேசையில்தான் இவர் கவனித்தாராம். ஒரு தாளை எடுத்து வட்டம் வட்டமாகப் போட்டு, அம்மா, அக்கா, குழந்தை, நான் என்று கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: “நீ போகாவிட்டால் உன் இடத்தில் வேறு யாராவது உட்கார முடியாதா?”

“முடியாது” என்றேன்.

“அப்படியானால் நீ போய்த்தான் ஆக வேண்டும்” என்று சொல்லிவிட்டு பிராமைக் கூப்பிட்டார்.

பிராம் அந்த வாரம் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக இருந்தான். வருடம் முழுக்க அதைப் பற்றியே பேசுகிறவன். என் நாற்றுகளை அளப்பதற்காக அதை விட்டுக்கொடுத்தான். கை வைத்தால் நாற்று ஒடிந்துவிடுமோ என்று ஒரு வாரம் என்னோடு நின்று பழகிக்கொண்டான். நாட்காட்டியில் காதை வரைந்தது அப்போதுதான். தாய்மாமன் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், ஒரு குழந்தை என் மடியில் உட்கார வேண்டும் என்பதற்காக இத்தனை செய்தார்கள்.

4

ஆனி பிறந்ததிலிருந்து வீட்டில் டவர் கிடைக்கவில்லை.

மலையில் டவர் போவது புதிதல்ல. காற்றடித்தால் போகும், மழை பெய்தால் போகும், ஒன்றும் இல்லாவிட்டாலும் போகும். அதனால் நான் சந்தேகப்படவில்லை. வீடியோவில் வந்தாலும் அம்மா மட்டும் வருவாள். அக்கா குழந்தையோடு செம்மேட்டுக்கு வந்திருந்தாள். யாழினி எங்கே என்று கேட்டால் ஏதாவது ஒரு பதில்.

“தூங்கறா கண்ணு.”

“பக்கத்தூட்டுக்கு வெளையாடப் போயிருக்கறா.”

“அப்புச்சி கூட கடைக்குப் போயிருக்கறா.”

அப்புச்சி என்பது என் அப்பா. தாய்வழித் தாத்தாவை எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். வாழ்நாளில் கடைக்குப் போகாத மனிதர் பேத்தியோடு தினமும் கடைக்குப் போகிறார் என்றால், எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான்தான் இங்கே ஆவணிக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேனே. வேட்டி கட்டி உட்கார்ந்தால் குழந்தை வழுக்குமா என்று கண்ணாடி முன்னால் ஒரு தலையணையை மடியில் வைத்துப் பார்த்த கோமாளி நான்.

ஆடியில் ஒரு மத்தியானம். கையில் ரொட்டியோடு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மழையில் பின்பக்கச் சுவர் ஊறுகிறது என்று அம்மா போனைத் திருப்பிக் காட்டினாள். அந்தச் சுவரோரமாக ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு யாழினி ஓடினாள். தலையில் மயிர் துடைப்பக் கட்டையாய்க் குத்திட்டு நின்றது. மொட்டை போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆன தலை. திரும்பிப் பார்த்தாள். இரண்டு காதிலும் தோடு மின்னியது.

போன் அப்படியே மேலே திரும்பியது. நான் எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போங்க” என்று அக்கா குரல் கேட்டது. பிறகு டவர் போய்விட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டார் ஒரு முழுக் குழந்தையையே மறைத்திருக்கிறார்கள். முடி வளரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். முடி வளர்ந்த பிறகு தோட்டுக்கு என்ன சொல்வதாக இருந்தார்களோ தெரியவில்லை.

5

அக்காதான் முதலில் பேசினாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்கள் காரணங்களை ஒன்றொன்றாகத்தான் எடுத்து வைப்பார்கள்.

“ஆவணில நாள் செரியில்லைன்னு ஜோசியர் சொல்லிட்டாருடா தம்பி.”

ஆவணியில் நாள் குறித்துக் கொடுத்தவரே அந்த ஜோசியர்தான் என்றேன்.

“எங்க மாமியார் ஒரே புடியா நின்னாங்க.”

அவர் சித்திரையில்தான் எனக்குப் போனில் “நீங்க வந்து உக்காந்தாத்தானுங்க பொருத்தம்” என்று சொன்னார் என்றேன்.

“உனக்குப் பரீட்ச நேரம். சொன்னா மனசு கெட்டுரும்னு…”

பரீட்சை வைகாசியோடு முடிந்துவிட்டது என்று அக்காவுக்கே தெரியும். அவளே அதற்கு ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டவள்.

“யாரு மடியில உக்கார வெச்சீங்க?”

அந்தப் பக்கம் சத்தமில்லை. இந்த முறை டவர் நன்றாகவே இருந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதுகூடக் கேட்டது.

“பிரபுதான்டா. முறைக்கு அவனும் மாமந்தான.”

முறைக்கு மாமன்தான், மறுக்கவில்லை. பெரியம்மா மகன் என்றால் எனக்கு அண்ணன், யாழினிக்கு மாமன். சாஸ்திரத்தில் ஓட்டையே இல்லை. போனை வைத்துவிட்டு, ஆனி மாதத்தில் பிரபு அனுப்பியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டேன். ஒன்றில் லாரி ஹாரன் இல்லை. நாதஸ்வரமும் மேளமும் இருந்தன. “லோடு ஏத்திக்கிட்டு இருக்கறோம்டா, அப்பறம் பேசறேன்” என்று சொல்லியிருந்தான். என்னடா மேளச் சத்தம் என்று நான் கேட்டதற்கு, “பக்கத்துக் கோயில்ல எதோ விசேசம்” என்று பதில் அனுப்பியிருந்தான். எதோ விசேஷமாம்! பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, என் அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பேசி அனுப்பியிருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டேன்.

“சின்னம்மா கூப்பிட்டாங்க, போனேன். முடியாதுன்னு சொல்லச் சொல்றியா?” என்றான்.

“எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கடா.”

“அதுக்கப்பறமும் தெனமும் சாப்பிட்டியான்னு கேட்டியேடா.”

“அது வேற, இது வேறடா” என்றான். அவனுக்கு அது உண்மையிலேயே வேறாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலையும் அவன் குரல் வந்தது, லாரி ஹாரனோடு. நான் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றையும் திறக்கவில்லை.

6

அம்மா பேச இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். ஆனால் வந்தபோது சுற்றி வளைக்கவில்லை.

“நாந்தான் பிரபுவ உக்காரச் சொன்னேன். அக்கா மேலயோ மாப்பிள்ளை மேலயோ கோவிச்சுக்காத.”

“ஏம்மா?”

“நீ வருவியா கண்ணு?”

“ஆவணிக்கு டிக்கெட் போட்டுட்டேன்மா. லீவு வாங்கிட்டேன்.”

“அதக் கேக்கல. ஆவணிக்கு வருவ. வந்துட்டுப் போயிருவ. நாளைக்கு அவ பெரிய மனுசி ஆவா, அன்னைக்கு ஓடி வருவியா? புள்ளைக்கு ஒன்னுன்னா தூக்கிட்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓட நீ இருப்பியா? கல்யாணத்துக்குப் பந்தல் போடறதுல இருந்து பந்தி முடியற வரைக்கும் நிப்பியா? மடிய மாத்தி மாத்தி உக்கார வெக்க முடியாது சாமி. ஒருத்தன் மடின்னா கடைசி வரைக்கும் அவன் மடிதான்.”

“தையில படிப்பு முடியுது. வாரேன்னு சொல்லிட்டுத்தானம்மா வந்தேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க. மேலூட்டு வாத்தியார் பையனும் அப்படித்தான் சொன்னான். அவங்க அம்மா செத்ததுக்குக்கூட போன்லதான் பாத்தான்.”

நான் மேலூட்டு வாத்தியார் பையன் இல்லை என்று கத்தினேன். பக்கத்து அறையில் இருக்கும் சீனப் பெண் சுவரைத் தட்டினாள். அம்மா என்னைக் கத்த விட்டாள். கடைசியில், “உன்னையத் தப்பாச் சொல்லல கண்ணு. நீ நல்லா இருக்கோணும், அங்கயே இரு. இங்கிருக்கறத நாங்க பாத்துக்கறோம்” என்றாள்.

அங்கேயே இரு என்று எனக்கு அனுமதி கொடுக்க இந்த நாட்டு அரசாங்கத்துக்கே இன்னும் மனம் வரவில்லை. என் அடையாள அட்டையில் படிப்புக்காக, தற்காலிகமாக என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். நான் புலம்பெயர்ந்துவிட்டேன் என்று முதலில் முடிவு செய்தது என்னைப் பெற்றவள். அதையும் என்னிடம் கேட்டுச் செய்யவில்லை. நான் இங்கே சைக்கிள் பழகிக்கொண்டிருந்தேன், கைரேகை வைக்க நேரம் வாங்கிக்கொண்டிருந்தேன், முடிந்ததும் திரும்பி வந்து மலையிலேயே ஏதாவது செய்வதாகப் பிராமிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் அங்கே என் இடத்தைத் துடைத்து இன்னொருவனை உட்கார வைத்துவிட்டார்கள்.

அம்மா சொன்னதில் நியாயமே இல்லையா? இருக்கிறது, அதுதான் எரிச்சல். பிரபு கூப்பிட்ட குரலுக்கு வருவான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். ஆனால் இதை ஆனிக்கு முன்னால் என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன். தோற்றும் போயிருப்பேன். சண்டை போடவாவது விட்டிருக்கலாமே. கூடப் பிறந்தவள், வளர்த்தவள், தினமும் பேசினவன் எல்லோரும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார்கள். அது என் நல்லதுக்காம். கழுத்தறுப்பதற்கு எத்தனையோ பெயர் கேட்டிருக்கிறேன், நல்லது என்ற பெயரை இப்போதுதான் கேட்கிறேன்.

7

இன்று மத்தியானம் பிராம் ரொட்டியோடு என் எதிரில் உட்கார்ந்தான். காலையில் முதல் ஆளாகக் கைகொடுத்தவன். “நீ ஏன் போகவில்லை?” என்று கேட்டான். பொய் சொல்ல வாய் வரவில்லை. பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். “ஆனால், வேறு யாராலும் முடியாது என்று சொன்னாயே?”

இந்த நாட்டுக்காரர்களுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்வதற்காகவே கேட்பார்கள். “அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்” என்றேன்.

“அப்படியானால் காலையில் நான் சொன்ன வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மன்னித்துவிடு” என்றான். எழுந்து போய் நாட்காட்டியில் இருந்த காதுகளை விரலால் துடைத்து அழித்தான். என் வீட்டார் யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டது இவன் ஒருவன்தான், அதுவும் அவன் செய்யாத தப்புக்கு.

படிப்பு முடிந்தவர்கள் வேலை தேடுவதற்காக இங்கே இன்னும் ஒரு வருடம் தங்க அனுமதி உண்டு. அது எனக்குத் தேவைப்படாது என்று போன வருடம் நடந்த விளக்கக் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து வந்தவன் நான். இன்று மத்தியானம் அதற்கான அலுவலரிடம் நேரம் வாங்கிவிட்டேன். கோபத்தில் எடுத்த முடிவா என்றால், ஆமாம். அம்மா சொன்னது பலிக்கட்டும்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். ஆவணியில் காது குத்துவதாக இருந்த நாள் இது என்று அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். கண் கலங்கியிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் குழந்தையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டுப் பார்த்தேன். முடி கொஞ்சம் வளர்ந்து நெற்றியில் விழுந்திருந்தது. குழந்தை மேல் எனக்கு என்ன கோபம்?

“தோடு பாரு” என்று தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

“அழகா இருக்குது கண்ணு. குத்தறப்ப வலிச்சுதா?”

“இல்ல. மாமா பழம் குடுத்துச்சு. மாமா மடில உக்காந்தேன்.”

“எந்த மாமா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. “மாமா” என்றாள் மறுபடியும்.

அக்கா அவசரமாகக் குனிந்து, போனில் தெரிந்த என் முகத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். “அப்ப இது யாரு? சொல்லு சாமி, இது யாரு?”

யாழினி என்னை உற்றுப் பார்த்தாள். தெரிந்த பதில்தான், சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“வெளிநாடு.”